மணற்கல்லில் புதைந்த கடற்சிப்பி: எடுப்பதும் வயது காண்பதும்

பழங்காலக் கரையோர மணற்கல்லில் சிப்பி தென்பட்டதும் சுத்தியலை எடுக்காதீர்கள். முதலில் அது எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். பெயர்த்தெடுத்துவிட்டால் அந்தத் தகவலை எந்த ஆய்வகத்தாலும் மீட்டுத் தர முடியாது.

ஓட்டின் வயது அந்த உயிர் வாழ்ந்த காலத்தைச் சொல்லும். மணல் படிந்த காலம் வேறாக இருக்கலாம். பழைய அடுக்கிலிருந்து அலை அரித்தெடுத்த ஓடு, பல்லாயிரம் ஆண்டு கழித்துப் புது மணலில் புதைவது சாதாரணம். ஆகவே இரு ஓடுகளும் மூடியபடி, உயிரோடு மணலுக்குள் நின்ற வாக்கிலேயே இருக்கும் சிப்பியைத் தேடுங்கள். விளிம்பு தேய்ந்து, துளை விழுந்து, கவிழ்ந்து கிடக்கும் ஒற்றை ஓடுகளை விட்டுவிடலாம்.

அந்த இடத்தில் எடுக்க அனுமதி உண்டா என்று உறுதி செய்த பின், அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். எந்த அடுக்கு, மேல்பக்கம் எது, கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை அங்கேயே எழுதுங்கள். சிப்பியைச் சுற்றி 3 முதல் 5 செ.மீ. கல்லை விட்டு உளியால் பள்ளம் வெட்டி, கட்டியாகவே பெயர்த்தெடுங்கள். உளியின் முனை சிப்பியை நோக்கி இருக்கக் கூடாது. வயதுக்கு அனுப்பும் மாதிரியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சும் காகிதமும் புதுக் கரிமத்தை (கார்பனை) ஒட்டவைக்கும்.

சுத்தம் செய்ய வினிகரோ வேறு அமிலமோ வேண்டாம். பல இடங்களில் மணலைப் பிணைத்திருப்பது கால்சியம் கார்பனேட், ஓடும் அதுவே. இரண்டும் சேர்ந்தே கரையும். ஊசியாலும் மென்தூரிகையாலும் பொறுமையாக நீக்குங்கள். கடலோரக் கல்லில் உப்பு இருந்தால், காயும்போது அது படிகமாகி ஓட்டை உரிக்கும். ஒரு துண்டு நீரில் கரையாமல் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு, நன்னீரில் ஊறவைத்து நீரைத் தினமும் மாற்றுங்கள். நொறுங்கும் ஓட்டுக்கு அசிட்டோனில் 5% பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கரைத்துப் பூசலாம். ஆனால் அதிலும் கரிமம் உண்டு. வயதுக்கான பகுதியை அதற்கு முன்பே பிரித்து வைத்துவிடுங்கள்.

அடுத்து, ஓடு மாறாமல் இருக்கிறதா என்ற சோதனை. கால்சியம் கார்பனேட்டுக்கு அரகோனைட், கால்சைட் என்ற படிக வடிவங்கள் உண்டு. பெரும்பாலான மட்டிகளும் சங்குகளும் அரகோனைட்டால் ஓடு கட்டுபவை. அது கால்சைட்டாக மாறியிருந்தால் நிலத்தடி நீரின் கரிமம் உள்ளே புகுந்திருக்கும். எக்ஸ்-கதிர் விளிம்பு வளைவுச் சோதனை இதைக் காட்டிவிடும். ஆளிச் சிப்பி போன்றவை தொடக்கத்திலேயே கால்சைட் ஓடு கட்டுவதால் அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது. நுண்ணோக்கியில் ஓட்டின் நுண்ணமைப்பைப் பார்க்க வேண்டும்.

ஓட்டில் சிதையாமல் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் கார்பன்-14 முறை ஏறத்தாழ 50,000 ஆண்டு வரைதான் எட்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கார்பன்-14 முற்றிலும் தீர்ந்துபோன ஓட்டில் 1% புதுக் கரிமம் கலந்தால் போதும், விடை சுமார் 37,000 ஆண்டு என்று வரும். எனவே 35,000-ஐத் தாண்டிய விடையைக் குறைந்தபட்ச வயதாக மட்டுமே கொள்ளுங்கள். கடல்நீரின் கரிமமும் காற்றிலுள்ளதைவிடப் பழையது. சராசரியாகச் சில நூறு ஆண்டு கூடுதல் வயது காட்டும். கடல் மாதிரிகளின் வயதைத் திருத்தும் மரைன்20 வளைவோடு அந்தக் கடற்பகுதிக்கான திருத்தத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். திருத்தாத எண்ணையும் தவறாமல் வெளியிடுங்கள்.

சுமார் 1,29,000 முதல் 1,16,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட 6 முதல் 9 மீட்டர் உயர்ந்திருந்தது. அக்காலக் கரைகளுக்குக் கார்பன்-14 பயன்படாது. மணலின் குவார்ட்ஸ் கடைசியாக வெயில் பட்ட காலத்தை ஒளித்தூண்டல் முறையில் அளக்கலாம். மாதிரியை ஒளி புகாத குழாயில் எடுக்க வேண்டும். ஓட்டின் அமினோ அமிலங்கள் இடவடிவிலிருந்து அதன் கண்ணாடிப் பிம்பமான வலவடிவுக்கு மாறிய விகிதமும் அடுக்குகளை ஒப்பிட உதவும். வெப்பம் அந்த மாற்றத்தை விரைவுபடுத்துவதால், வெயில் காயும் மேற்பரப்பு ஓடுகள் உண்மையைவிட முதியவையாகத் தோன்றும். யுரேனியம் முறை பவளத்துக்குப் பொருந்தும். சிப்பியோ இறந்த பின்பும் யுரேனியத்தை உறிஞ்சுவதால் அதன் விடையை நம்ப முடியாது. பல மில்லியன் ஆண்டுப் பழமையென்றால், மாறாத கால்சைட் ஓட்டின் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தைப் பாருங்கள்.

எதுவானாலும் ஒரே அடுக்கிலிருந்து குறைந்தது 3 ஓடுகளை அனுப்புங்கள். விடைகள் வேறுபட்டால் சராசரி எடுக்காதீர்கள். மாசுபடாத ஓடுகளில் இளையது எதுவோ, அதைவிட அந்த அடுக்கு பழையதாக இருக்க முடியாது.