ஈடு வாசிக்கும்போது பேசுவது யார் என்று கண்டுபிடிப்பது எப்படி

நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரையான ஈட்டை வாசிக்க உட்காரும்போது கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். பெயர் வரும் இடமெல்லாம் கோடு போடுங்கள். முப்பத்தாறாயிரப்படி என்றும் பெயருள்ள இந்த உரையை எழுதியவர் யார் என்றால் ஒரே பெயரில் பதில் சொல்ல முடியாது. ஸ்ரீரங்கத்தில் இதைக் காலட்சேபமாக, அதாவது வாய்மொழிப் பாடமாக, சொன்னவர் நம்பிள்ளை. கேட்டுவிட்டுப் போய் ஓலையில் எழுதி வைத்தவர் வடக்குத் திருவீதிப் பிள்ளை. நம்பிள்ளை கேட்டது நஞ்சீயரிடம், நஞ்சீயர் கேட்டது பட்டரிடம். (படி என்பது அளவு: புள்ளி எழுத்தை விட்டு 32 எழுத்து ஒரு படி.)

மொட்டையாக 'ஜீயர்' என்று வந்தால் அது நஞ்சீயர். ஆரம்பத்தில் நான் அதை மணவாள மாமுனிகள் என்றே நினைத்துப் படித்தேன், அவரைத்தானே பெரிய ஜீயர் என்கிறோம். உடன் வாசித்த பெரியவர் ஒருவர், "மாமுனிகள் பிறந்ததே 1370-இல், ஈட்டுக்குள் எப்படி வருவார்?" என்று கேட்டபிறகுதான் புரிந்தது. 'பட்டர்' என்றால் கூரத்தாழ்வான் திருக்குமாரர் பராசர பட்டர். 'அன்றிக்கே' என்ற சொல்லைக் கண்டால் நிறுத்துங்கள். அங்கே இன்னொரு பொருள் தொடங்குகிறது, முதல் பொருளும் தள்ளப்படவில்லை.

பழக நல்ல இடம் இரண்டாம் பத்து, மூன்றாம் திருவாய்மொழி (ஒரு பதிகத்துக்கும் இதே பெயர்தான்), மூன்றாம் பாட்டு: "அறியாக் காலத்துள்ளே அடிமைக்கண் அன்பு செய்வித்து அறியா மா மாயத்து அடியேனை வைத்தாயால்." ராமானுஜருக்குப் பாடம் சொன்ன திருமாலையாண்டான் இதை ஆற்றாமையாகப் பார்த்தார்: அன்பையும் உண்டாக்கிவிட்டு இந்த மாயத்திலேயே வைத்துவிட்டாயே. ராமானுஜரோ, இந்தப் பதிகம் முழுக்க ஆழ்வார் மகிழ்ச்சியில் இருக்கிறார் என்று சொல்லை மாற்றிக் கூட்டினார்: மாயத்தில் கிடந்த என்னை, ஒன்றும் அறியாத காலத்திலேயே அன்பு கொள்ள வைத்தாயே! ஆண்டான், "என் ஆசாரியர் ஆளவந்தாரிடம் நான் இப்படிக் கேட்டதில்லை, இது விசுவாமித்திர சிருஷ்டி" (விசுவாமித்திரர் போலத் தாமாகப் புதிதாகப் படைத்தது) என்று பாடத்தையே நிறுத்திவிட்டார். ஆளவந்தாரின் இன்னொரு சீடரான திருக்கோட்டியூர் நம்பி வந்து, இந்தப் பொருளையும் ஆளவந்தார் சொல்லித் தாம் கேட்டதாகச் சொன்னபிறகே பாடம் தொடர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ராமானுஜர் சொன்ன பொருள் பாட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது, அப்படியும் அது போதவில்லை. ஆளவந்தார் வாயிலிருந்து கேட்ட ஒருவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் யாருக்காவது ஈட்டிலிருந்து எடுத்துச் சொல்லும்போது 'ஈட்டில் இருக்கிறது' என்று முடித்துவிடாதீர்கள். யாருடைய நிர்வாகம் (பொருள் கொள்ளும் முறை), யார் கேட்டுச் சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஓரத்தில் 'ஆண்டான்', 'ராமானுஜர்' என்று தனித்தனியே குறித்துக்கொண்டு, அந்தப் பாட்டை இரண்டு பொருளிலும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'வைத்தாயால்' என்ற சொல்லுக்கு வரும்போது குரல் தானாக மாறும்.