விலங்கின் ரோமம் வரையும்போது ஒற்றை முடியில் தொடங்காதீங்க

மூணாறு ராஜமலையில் வரையாடு ஆளுக்குப் பக்கத்திலேயே வந்து மேயும். எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச காட்சிதான். மஞ்சு இறங்கின காலையில் அதன் முதுகைக் கவனிச்சுப் பாருங்க. ஈரத்தில் முடியெல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டி, நுனி மட்டும் கூராகப் பிரிஞ்சு நிற்கும். கண்ணுக்கு முதலில் படுவது கொத்துதான்.

கணினியில் வரையும் கிரிட்டா மென்பொருளிலோ வேறு எதிலோ வரைந்தாலும் வரிசை அதேதான். முதல் லேயரில், அதாவது அடியடுக்கில், பெரிய பிரஷ்ஷால் வெளிச்சமும் நிழலும் மட்டும். அதன் மேல் நடுத்தர பிரஷ்ஷில் கொத்துகள். கழுத்து, தோள், வயிறு என்று உடம்பு வளையும் பக்கமே கோடும் வளையணும். இதில் அவசரப்படாதீங்க, ரோமத்துக்கு உயிர் வருவது இங்கேதான். மெல்லிய பிரஷ் கடைசியில். அதையும் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்திலும் உடம்பின் ஓரத்திலும் மட்டும் போடுங்க. முழுக்க இழுத்தால் தேங்காய் நார் மாதிரி ஆயிடும்.

வயசான கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிர் திட்டு இருக்கும். அதுக்குச் சுத்த வெள்ளையை எடுக்காதீங்க. பக்கத்துப் பழுப்பையே எடுத்து வெளுப்பாக்குங்க. நாலஞ்சு கரும்பழுப்பு முடி திட்டுக்குள் நுழையட்டும்.