சீன யுத்தப் பிரபுக்களின் போர்கள்: படிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1916 ஜூனில் சீன அதிபர் யுவான் ஷிகாய் இறந்தபின், யுத்தப் பிரபுக்களுக்குள், அதாவது சொந்தப் படை வைத்து ஆண்ட தளபதிகளுக்குள், மூண்ட சண்டைகளைப் படிக்க உட்கார்ந்தால் முதலில் தடுக்கிவிடுவது பெயர்கள்தான். ஜிலி, ஆன்ஹுயி, ஃபெங்தியன் என்று மாகாணப் பெயர்களைப் பார்த்ததும் மாகாணங்கள் மோதிக்கொண்டதாக நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவை தளபதிகளின் அணிகள். ஜிலி அணியின் பெரிய தளபதி வூ பெய்ஃபுவே ஷான்டோங்காரர்.

யார் யாருக்கு எதிரி என்று ஒரே தடவை குறித்துவைத்துக்கொள்வதும் உதவாது. 1920 ஜூலையில் ஜிலியும் ஃபெங்தியனும் சேர்ந்து துவான் சிருயின் ஆன்ஹுயி அணியைக் கவிழ்த்தன. 1922இல் அந்த இரண்டும் மோதின; ஃபெங்தியன் தலைவர் சாங் சோலின் தோற்று மஞ்சூரியாவுக்குத் திரும்பினார். 1924இல் மறுபடி போர். 1926இல் பார்த்தால் வூவும் சாங்கும் கூட்டாளிகள்! ஆண்டுக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொள்வதுதான் வழி.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு போர்முனையை மட்டும் பார்ப்பது. 1924 இலையுதிர்காலத்தில், மஞ்சூரியாவிலிருந்து உள்ளே வரும் வழியான ஷான்ஹைகுவானில் வூவுக்கும் சாங்குக்கும் பதுங்குகுழி, இயந்திரத் துப்பாக்கி, பீரங்கி, விமானம் என்று கடும் சண்டை. காசு கைமாறினால் முடிகிற பொம்மைச் சண்டை என்று இதைச் சிரித்து ஒதுக்க முடியாது. வூ முனையில் நிற்க, பெய்ஜிங்குக்கு வடக்கே ரெஹே பக்கம் அனுப்பப்பட்ட அவருடைய அணியின் ஃபெங் யூஷியாங் படையைத் திருப்பிக்கொண்டு வந்து அக்டோபர் 23 அன்று பெய்ஜிங்கைப் பிடித்தார். அதிபர் சாவோ குன் காவலில். சரி, தெற்கிலிருந்து உதவிப்படை வரலாமே? வரவில்லை. ஷான்ஷி மாகாணத்தை ஆண்ட யான் ஷீஷான், பெய்ஜிங்குக்குத் தெற்கே ஷிஜியாசுவாங்கில் ஒரு ரயில் பாதையை மறித்தார். இன்னொன்று ஷான்டோங்கில் அடைபட்டது. வூ மிச்சப் படையோடு கப்பலேறினார். அப்புறம் ஆட்சித் தலைமைக்கு வந்தவர் யார் தெரியுமா? 1920இல் தோற்ற அதே துவான் சிருய். வரைபடத்தில் மாகாண எல்லைகளைவிட ரயில் பாதைகளை முதலில் தேடச் சொல்வது இதனால்தான்.

சியாங் கை-ஷேக்கின் தேசியவாத அரசு பெய்ஜிங்கைக் கைப்பற்றிய 1928இல் எல்லாம் முடிந்துவிட்டதாகப் புத்தகத்தை மூடுகிறவர்களும் உண்டு. பெரும்போரே 1930இல்தான்: சியாங்குக்கு எதிராக யான், ஃபெங், குவாங்ஷி அணித் தலைவர் லி சோங்ரென். இரு பக்கமும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் வீரர்கள். மாதக்கணக்கில் இழுத்த அந்தப் போரும், செப்டம்பர் 18 அன்று சாங் ஷூலியாங் சியாங் பக்கம் சாய்ந்ததும் முடிவை நெருங்கிவிட்டது. இவர் சாங் சோலினின் மகன். அப்பா 1928இலேயே கொல்லப்பட்டுவிட்டார்.