மேக்ரோ லென்ஸ் வாங்குமுன் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வாங்குங்கள்

பூச்சிப் படம் எடுக்க எந்த மேக்ரோ லென்ஸ் (மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ்) வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், வீட்டில் கறிவேப்பிலைச் செடி இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். நக்கலாகக் கேட்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு வருடம் வண்ணத்துப்பூச்சிகளுக்குப் பின்னால் மொட்டைமாடி முழுக்க ஓடினேன். கிடைத்ததெல்லாம் பூச்சி இப்போதுதான் பறந்துபோன பூக்களின் படங்கள். ஓடுவதை விட்டுவிட்டு ஒரு தொட்டிக்கு முன்னால் மணை போட்டு உட்கார்ந்த பிறகுதான் படம் என்று சொல்லும்படி ஒன்று விழுந்தது.

முதலில் செடி

கறிவேப்பிலையின் தளிர்களைப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சள் உருண்டை தெரிந்தால், பெரும்பாலும் அது எலுமிச்சைக் குடும்பச் செடிகளைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சி ஒன்றின் முட்டை. அதிலிருந்து வரும் புழு சின்ன வயதில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். ஓடாது, பறக்காது, நாளைக்கும் அதே கிளையில் இருக்கும், அதற்குள் யாரும் ரசத்துக்கு ஒடிக்காமல் இருந்தால். பழகுவதற்கு இதைவிட நல்ல ஆள் கிடையாது. அவரைக்கொடி இருந்தால் இன்னும் வசதி: நுனியில் கறுப்பு அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி மொய்க்கும், அது விடும் இனிப்பு நீருக்காக எறும்பு வரும், அசுவினியைத் தின்னப் பொறிவண்டு வரும். வேப்பெண்ணெய் அடிப்பதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

நேரம், காலை ஆறிலிருந்து ஏழரை வரை. இரவுக் குளிர் இன்னும் உடம்பில் இருப்பதால் பூச்சிகள் மந்தமாக இருக்கும், காற்றும் குறைவு.

கருவி

போனில் மேக்ரோ வசதி இருந்தால் அதிலேயே தொடங்கலாம். தனியாக 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா வைத்த மலிவு போன் என்றால் அதை மறந்துவிட்டு, மாட்டிக்கொள்ளும் க்ளிப் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டியிருக்கும், போனின் நிழலே பூவின்மேல் விழும், அதற்கேற்ப வெளிச்சம் வரும் பக்கத்தைப் பார்த்து உட்காருங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு என் ஓட்டு எக்ஸ்டென்ஷன் ட்யூபுக்கு. உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் வளையம்; லென்ஸை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து தள்ளி வைப்பதால் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகிறது, அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மி.மீ. நீளத்துக்கு ட்யூப் சேர்த்தால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு சென்டிமீட்டர் பூச்சி சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராகவே விழும். முதல் வாரம் அவ்வளவு வேண்டாம், 20 மி.மீ. ட்யூப் போதும். மின்தொடர்பு முனைகள் உள்ளதையே வாங்குங்கள். நான் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று வெறும் வளையத்தை வாங்கி, கேமராவிலிருந்து அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையின் அளவை, மாற்ற முடியாமல் முழித்தேன்.

செட்டிங்கும் ஃபோகஸும்

இதுதான் புதியவர்களை அழவைக்கும் இடம். ஒன்றுக்கு ஒன்று அளவில் அப்பெர்ச்சரை எஃப்8 (எஃப் எண் கூடக் கூடத் துளை சின்னதாகும்) வைத்தாலும் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், சின்ன சென்சார் கேமராக்களில் அதற்கும் குறைவு. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் வயிறு மங்கிவிடும். அதற்காக எஃப்22க்குப் போகாதீர்கள், அவ்வளவு சின்னத் துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் மொத்தப் படமும் சோப்புத் தண்ணீரில் முக்கியதுபோல ஆகிவிடும். எஃப்8 அல்லது எஃப்11, ஷட்டர் 1/200 நொடி, வெளிச்சத்துக்குத் தக்க ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு அளவு), இதிலிருந்து தொடங்குங்கள்.

ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, முழங்கையைத் தொட்டி விளிம்பிலோ முட்டியிலோ ஊன்றி, உடம்பைத்தான் நெல் அளவுக்கு முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மூச்சை விட்டு முடித்ததும் பத்துப் படம் தொடர்ச்சியாகத் தட்டுங்கள், அதில் ஒன்றில் கண் கூர்மையாக இருக்கும். அந்த ஒன்று போதும். புழுவையும் இறகு மூடிய வண்ணத்துப்பூச்சியையும் பக்கவாட்டில், கேமரா அதன் உடம்புக்கு இணையாக இருக்கும்படி எடுத்தால், இருக்கிற ஒரு மில்லிமீட்டரிலேயே முழு உடம்பும் ஏறக்குறைய அடங்கும்.

பூச்சி வராத நாளில் செம்பருத்தியின் மகரந்தத் தண்டில் பழகுங்கள். காற்றில் ஆடினால், ஒரு குச்சியைத் தொட்டியில் நட்டு, துணி க்ளிப்பால் காம்பை அதோடு லேசாகப் பிடித்து வையுங்கள்.

வெளிச்சம்

எட்டரை மணிக்கு மேல் நேர் வெயிலில் எடுத்தால் பொறிவண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி எரியும். ஃப்ளாஷ் இருந்தால், புதுப் பொருட்களைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் தாளை அதன் முன்னால் வளைத்துக் கட்டுங்கள், வெளிச்சம் மெத்தென்று விழும். இல்லையென்றால் நிழலில், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை.

நெருங்குவது எப்படி

உங்கள் நிழல் முதலில் போய் அதன்மேல் விழக்கூடாது. தாழ்வாக, நேராக, மெதுவாக. தாவும் சிலந்தியிடம் மட்டும் கவலை வேண்டாம், அதுவே திரும்பி லென்ஸைப் பார்க்கும், முன்னாலிருக்கும் இரண்டு பெரிய கண்களில் ஃபோகஸை வைத்தால் முடிந்தது. தட்டான் பறந்துபோனால் அங்கேயே இருங்கள், பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பி வரும்.

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயங்கவைத்து எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். கறிவேப்பிலைப் புழுவைச் சீண்டவும் வேண்டாம், சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒன்றை நீட்டிக் காட்டும், நாற்றமும் வரும். அதைப் படமெடுக்க ஆசைப்பட்டு நான் ஒருமுறை குச்சியால் தொட்டேன்; படம் மங்கல், விரலில் வாடை மட்டும் மதியச் சாப்பாடு வரை இருந்தது.