ஒற்றைக் கம்பிப் பெட்டி: பலாப்பலகையில் முதல் தச்சு வேலை

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சனிக்கிழமைதோறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்றுக்கொடுக்கிறேன். முதல் வேலையாக ஸ்டூல் செய்யச் சொல்வதில்லை; ஒற்றைக் கம்பி பூட்டி மீட்டுகிற இசைப்பெட்டி செய்யச் சொல்கிறேன். அளவு பிசகிய ஸ்டூல் ஆடினால், காலுக்கு அடியில் அட்டையைச் செருகிச் சமாளித்துவிடலாம். ஒரு பெட்டியில் கம்பி பூட்டிவிட்டால் அந்தச் சமாளிப்பு நடக்காது. பிசகு காதில் கேட்டுவிடும்.

எங்கள் ஊரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள்தான், அதனால் ரப்பர் பலகை மலிவு. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். அறுவை மில்லில் நன்கு உலர்ந்த பலாத் துண்டு கேட்டு வாங்குங்கள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற மரம் அது.

தேவை: 800 மி.மீ. நீளம், 60 உயரம், 12 தடிப்பில் பக்கப் பலகை இரண்டு. 76 நீளம், 60 உயரம், 40 தடிப்பில் முனைக்கட்டை இரண்டு. மேலே ஒட்ட 3 மி.மீ. பிளைவுட், 800-க்கு 100.

படி 1: மூலைமட்டத்தை விளிம்போடு அழுத்திப் பிடித்து, கூராகச் சீவிய பென்சிலால் கோடு போடுங்கள். வாள் தன் தடிப்புக்கு மரத்தைத் தூளாக்கிவிடும். ஆகவே கோட்டின்மேல் அறுக்காமல், கழிவுப் பக்கம் ஒட்டி அறுக்க வேண்டும். அறுத்து முடித்த பிறகும் கோடு பலகையில் தெரிய வேண்டும்.

படி 2: நாரோட்டத்தின் போக்கில் இழைப்புளியைத் தள்ளுங்கள். சுருள் நீளமாக வந்தால் திசை சரி. மரம் பிய்ந்துகொண்டு வந்தால் பலகையைத் திருப்பிப் போடுங்கள்.

படி 3: முனைக்கட்டைகளைப் பக்கப் பலகைகளுக்கு நடுவே வைத்து, பசை தடவித் திருகாணி முடுக்குங்கள். முதலில் துளை போடாவிட்டால் பலகை வெடிக்கும். பிளைவுட்டை ஒட்டி, மேலே செங்கல் அடுக்கி ஓர் இரவு விடுங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

படி 4: ஒரு முனையில் சாதாரணத் திருகாணி, மறுமுனையில் தலையில் வளையமுள்ள திருகாணி. 15 மி.மீ. உயரக் குதிரைகள் (கம்பியைத் தாங்கும் சிறு கட்டைகள்) இரண்டை, டேப் வைத்து அளந்து, சரியாக 600 மி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். 0.4 மி.மீ. எஃகுக் கம்பியைக் கட்டி, வளையத்தில் ஆணியை நுழைத்துக் கால் சுற்றாக முறுக்குங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

படி 5: பிள்ளைகளைவிட நான் ஆவலோடு காத்திருக்கும் கட்டம் இது. முழுக் கம்பி ஷட்ஜம், அதாவது ‘ச’. வலது குதிரையிலிருந்து அளந்து இப்படிக் கோடு போடுங்கள்: ரி 533, க 480, ம 450, ப 400, த 360, நி 320, மேல் ச 300. பாதிக் கம்பி மேல் ஷட்ஜம், மூன்றில் இரண்டு பங்கு பஞ்சமம், அதாவது ‘ப’. 14 மி.மீ. உயரத்தில் மூன்றாவது குதிரை ஒன்று செய்து, கோட்டில் வைத்து, கம்பியை அதன்மேல் மெல்ல அழுத்தி, அதற்கு வலப்பக்கம் மீட்டினால் சங்கராபரணம் கிடைக்கும்.

போன மாதம் இரண்டு மாணவிகள் தங்கள் பெட்டிகளை ஒரே ஷட்ஜத்துக்குச் சேர்த்துவிட்டுப் பஞ்சமத்தை ஒன்றாக மீட்டினார்கள். ஒலி அலையலையாக நடுங்கியது. பாட்டு வகுப்புப் பக்கமே போகாத பெண், “சார், ரெண்டும் ஒட்டவில்லை” என்றாள். அளந்து பார்த்தோம்: ஒருத்தியின் கோடு 405-இல் இருந்தது. மர அளவுகோலின் விளிம்பிலிருந்து அளந்திருக்கிறாள். பூஜ்ஜியக் கோடு 5 மி.மீ. உள்ளே இருந்தது. ஏழு கோடுகளையும் உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டு, பூஜ்ஜியத்தைக் குதிரையின் உச்சிக்கு நேராக வைத்து மறுபடி போட்டாள். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து ஒலித்தபோது அந்த நடுக்கம் இல்லை.