பள்ளிக்கூடத்தில் பிரச்சினையா? யாரிடம், எப்படிச் சொல்வது

என் மகள் நான்காம் வகுப்பு படித்தபோது, காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி தலை பின்னிவிடும்போதுதான், "பாத்ரூம்ல தாழ்ப்பாள் இல்லம்மா, யாராவது கதவைத் திறந்துடுவாங்க, அதான் தண்ணியே குடிக்கறதில்ல" என்றாள். வந்த ஆத்திரத்தில் வகுப்பு வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதிவிட்டேன், அனுப்பும் முன் அழித்துவிட்டேன். அங்கே போட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், பிள்ளையின் பெயர் எல்லார் வாயிலும் விழும், தாழ்ப்பாள் மட்டும் அப்படியே கிடக்கும்.

முதலில் பிள்ளையிடம் பொறுமையாகக் கேளுங்கள். "மிஸ் அடிச்சாங்களா?" என்று பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காமல், "என்ன நடந்துச்சு, அப்புறம்?" என்று கேட்டால் போதும். சொன்னதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்குப் போய்ப் பேசப் போவதையும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் தனக்குத் தெரியாமல் அம்மா அப்பா போய்ப் பேசினார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை எதையும் சொல்லாது.

அடுத்தது வகுப்பு ஆசிரியர். காலையில் மணி அடிக்கும் நேரத்தில் கேட் பக்கம் நிறுத்திப் பேசினால் எதுவும் காதில் ஏறாது. டைரியில் எழுதி, பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு விஷயத்தை மட்டும் பேசுங்கள், போன வருஷக் கதையெல்லாம் வேண்டாம். "நீங்க பிள்ளைகளைக் கவனிக்கறதே இல்ல" என்று தொடங்கினால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். "ஒரு வாரமா பாட்டில் நிறைய தண்ணியோட வருது மிஸ், கேட்டா இப்படிச் சொல்றா" என்று நான் சொன்னதும் அந்த ஆசிரியை உண்மையிலேயே பதறிப்போனார், ஆசிரியர்களுக்குத் தனிக் கழிப்பறை என்பதால் அவருக்கு இது தெரிந்திருக்கவே இல்லை. எழுந்திருக்கும் முன் "எப்போதைக்குள் சரியாகும்?" என்று ஒரு நாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன், ஒரு வாரம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் கடிதம். தலைமையாசிரியருக்கு அரைப் பக்கம் போதும்: என்ன நடக்கிறது, எப்போதிலிருந்து, யாரிடம் எந்தத் தேதியில் சொன்னோம், என்ன செய்ய வேண்டும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு "நீங்க சொல்லவே இல்லையே" என்று பதில் வரும், முத்திரை இருந்தால் வராது. கடிதம் கொடுத்த நான்காம் நாள் தாழ்ப்பாள் வந்தது.

அதற்கும் அசையாவிட்டால், அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் எழுந்து சொல்லி, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தனியார் பள்ளி என்றால் தாளாளர். அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 என்ற உதவி எண்ணும் உண்டு. கட்டணத் தகராறு என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், தனியார் பள்ளிகளுக்கு மாநிலக் கட்டண நிர்ணயக் குழு எவ்வளவு நிர்ணயித்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

இந்தப் படிகளையெல்லாம் ஏறிக்கொண்டிருக்கக் கூடாத விஷயமும் உண்டு. அடிப்பதும் மனதை நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை, அதை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். பாலியல் தொல்லை என்றால் பள்ளியின் விசாரணைக்குக் காத்திருக்கவே வேண்டாம், நேரே போலீஸ் அல்லது குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம், பள்ளி நிர்வாகத்துக்கும் அது பொருந்தும். "பள்ளிப் பேர் கெட்டுடும், நாங்களே பார்த்துக்கறோம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளையை ஆளாளுக்கு உட்கார வைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள், பெயரும் வெளியே போகக் கூடாது.

"சொன்னா பிள்ளையைப் பழிவாங்கிடுவாங்களோ" என்ற பயம்தான் பாதிப் பேர் வாயைக் கட்டிவைக்கிறது. எனக்கும் இருந்தது. அதே குறை உள்ள இன்னும் இரண்டு மூன்று பெற்றோரைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒரு பிள்ளையை மட்டும் குறிவைப்பது கடினம். சரியான பிறகு டைரியில் ஒரு வரி நன்றி எழுதி அனுப்புங்கள், ஒரு மாசத்துக்குச் சாயங்காலம் பாட்டிலையும் திறந்து பாருங்கள்.