காந்தத்தால் பிரித்தெடுக்கும் கிராஃபீன் நானோ கலவை: தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

ஓரணுத் தடிப்புள்ள கார்பன் தகடுகளில் ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டியிருக்கும் பொருளே கிராஃபீன் ஆக்சைடு; நீரில் கரைந்துள்ள சாயத்தை அது நன்றாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் அந்த மெல்லிய தகடுகளை நீரிலிருந்து மீண்டும் பிரிப்பதுதான் பெரும்பாடு. அத்தகடுகளின்மேல் மேக்னடைட் எனப்படும் காந்த இரும்பு ஆக்சைடை நுண்துகள்களாக வளர்த்துவிட்டால், குடுவையின் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தே அந்த வேலையை முடித்துவிடலாம். புதுநீரையும் (சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் கழிவுநீர்) கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் பெரிதும் நம்பியிருக்கும் சிங்கப்பூரில், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்து பார்க்க இது மிகப் பொருத்தமான சோதனை என்பேன்.

கிராஃபீன் ஆக்சைடை நீரில் கலந்த நிலையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கிராஃபைட்டிலிருந்து அதைத் தயாரிக்கும் ஹம்மர்ஸ் முறையில் அடர் கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்வதால், தொடக்கத்தில் அது வேண்டாம்.

முதலில், 0.1 கிராம் கிராஃபீன் ஆக்சைடு உள்ள 100 மில்லிலிட்டர் நீரை மீயொலித் தொட்டியில் அரைமணி நேரம் வைத்துத் தகடுகளைப் பிரியவிடுங்கள். பிறகு நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை வெளியேற்றுங்கள்.

அடுத்து, ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஃபெரிக் குளோரைடு 1.08 கிராமையும், நான்கு நீர் மூலக்கூறுகள் கொண்ட ஃபெரஸ் குளோரைடு 0.40 கிராமையும் சேர்த்துக் கலக்குங்கள். செய்முறையின் உயிர்நாடியே இந்த அளவுதான்: மேக்னடைட்டில் இரண்டு ஃபெரிக் அயனிக்கு (மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு) ஒரு ஃபெரஸ் அயனி (இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு) இருக்க வேண்டும்; ஆக்சிஜன் உள்ளே புகுந்தால் ஃபெரஸ் அயனி ஃபெரிக்காக மாறி, அந்த விகிதம் குலைந்துவிடும். தகடுகளின் ஓரங்களிலும் பரப்பிலும் உள்ள ஆக்சிஜன் தொகுதிகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், இரும்பு அயனிகள் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன.

வெப்பநிலையை 80 டிகிரி செல்சியசுக்கு உயர்த்தி, புகை உறிஞ்சும் பெட்டிக்குள் அமோனியாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, காரகாடித்தன்மை எண் (pH) 10 ஆகும்வரை விடுங்கள். கலவை சட்டென்று கறுத்தால் சரியாகப் போகிறது என்று பொருள்; செம்பழுப்பாகவே நின்றால் காற்று புகுந்திருக்கக்கூடும். ஒரு மணி நேரம் கலக்கி, ஆறவைத்து, காந்தத்தால் பிரித்து, நீராலும் எத்தனாலாலும் கழுவி, 60 டிகிரியில் உலர்த்துங்கள்.

சோதிப்பதற்கு, மெத்திலீன் நீலம் கலந்த நீரில் சிறிதளவு பொடியைத் தூவிக் குலுக்கி, காந்தத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். கறுப்புத் துகள்கள் கண்ணாடிச் சுவரை நோக்கி ஒதுங்க, நீரின் நீலம் வெளிறும். நேர்மின்னூட்டம் கொண்ட இந்தச் சாயத்துக்கு, ஒடுக்கப்படாத, அதாவது ஆக்சிஜன் தொகுதிகள் நீக்கப்படாத, கிராஃபீன் ஆக்சைடே சிறந்தது.

இதே கலவையை மின்கல ஆய்வுக்குப் பயன்படுத்துவதானாலோ, மின்சாரம் நன்கு பாய வேண்டியிருப்பதால், கிராஃபீன் ஆக்சைடை ஒடுக்கியே ஆக வேண்டும். லித்தியம் மின்கலத்தில் கிராஃபைட்டின் கோட்பாட்டளவிலான மின்னூட்டக் கொள்ளளவு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி. மேக்னடைட்டுக்கு அது ஏறத்தாழ 925. மின்னேற்றத்தின்போது மேக்னடைட் உப்பி நொறுங்குவதைக் கிராஃபீன் தகடுகள் தாங்கிக்கொள்கின்றன.

கழுவிய நீரையும் எஞ்சிய துகள்களையும் கழுவுதொட்டியில் ஊற்றாமல், பெயர் எழுதி ஒட்டிய கழிவுக் கலனில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவு அகற்றுவோரிடம் ஒப்படைக்க ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.